லிஸ்ட்டில் காணாமல் போன வங்கி

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, காரைக்காலில் ஒரு வங்கிக் கிளையை நான் கிட்டத்தட்ட இழுத்து மூடிவிட்டேன்.

கொள்ளையடிக்கப் போகவில்லை. கையில் கத்தி, துப்பாக்கி எதுவும் இல்லை. ஒரு செல்போன், கொஞ்சம் உரத்த குரல், எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு... ஒரு வங்கியை மூட இந்த மூன்றே போதும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

இந்தப் பத்தியை விடாமல் படிக்கிறவர்களுக்கு என் வியாதி தெரியும். யாராவது "இது எப்படிங்க?" என்று ஆரம்பித்தால் போதும். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் பதில் சொல்லி முடித்திருப்பேன். கரண்ட் பில்லை ஆன்லைனில் கட்டுவது, ரயில் டிக்கெட் எடுப்பது, ஆதாரில் முகவரி மாற்றுவது... எங்கள் தெருவில் எல்லாவற்றுக்கும் "வசந்தாகிட்ட கேளு"தான். சம்பளம் கிடையாது. ஆனால் யார் வீட்டுக்குப் போனாலும் காபி உண்டு.

ரெஜினா அக்கா வந்தது அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மாதா கோயிலில் பூசை முடிந்து, மீன்குழம்பு வைத்து, சாப்பிட்ட கையோடு வந்திருந்தார். கையில் பாஸ்புக்.

அக்கா எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறார். தையல் கடை வைத்திருக்கிறார். மாதா கோயிலில் முதல் தடவை நன்மை, அதாவது புதுநன்மை, வாங்கும் குழந்தைகளுக்கு வெள்ளை கவுன், கல்யாணப் பெண்களுக்கு நெட் வைத்த கவுன், என்னை மாதிரி வருஷா வருஷம் அளவு மாறுகிறவர்களுக்கு ரவிக்கை. கணவர் போய் இருபது வருஷம் ஆகிறது. மகளை நர்ஸிங் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்துவிட்டார். எல்லாம் அந்தத் தையல் மிஷினில் வந்ததுதான்.

கடைத்தெருவில் பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. இரண்டு மிஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி. பதினெட்டு வருஷமாக வாடகை. சொந்தக்காரர் கணேசன் முசியே. முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர். பிரான்ஸில் அரசாங்க வேலை பார்த்து ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்கிக்கொண்டு அங்கேயே இருக்கிறார். வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வந்து ஒரு மாதம் தங்குவார். இந்தத் தடவை வந்தவர், அறையை விற்றுவிடப் போவதாகச் சொன்னார்.

"மொதல்ல உனக்குத்தான் ரெஜினா. ஆனா பக்கத்துக் கடை செல்போன்காரரு ரொக்கத்தோட நிக்கிறாரு. நான் ஃப்ளைட் ஏறதுக்குள்ள பத்திரம் முடியணும். அன்னிக்குப் பணம் இருந்தா கடை உனக்கு. இல்லேன்னா என்னைக் கோச்சுக்காதே."

முன்பணம் கொடுத்தாகிவிட்டது. மீதிக்கு ஒரு டெபாசிட் இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் போட்டது. பத்திரத் தேதிக்கு மூன்று நாள் முன்னால் முதிர்கிறது. வட்டியோடு சேர்த்தால் கடைக்கும் பத்திரச் செலவுக்கும் கணக்காகச் சரியாக இருக்கும். அம்பது ரூபாய் குறைந்தாலும் இடிக்கும். யாரிடமும் கைநீட்டிக் கடன் வாங்குகிற ஆள் இல்லை அக்கா.

அந்த டெபாசிட் இருந்தது ஒரு சின்ன நகரக் கூட்டுறவு வங்கியில். காரைக்காலில் அதற்கு ஒரே ஒரு கிளை. பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாரோ கொளுத்திப் போட்டிருக்கிறார்கள். சின்ன வங்கிகள் திடீர் திடீரென்று கவிழ்ந்துவிடுகின்றனவாம். இன்சூரன்ஸ் இல்லாத வங்கியில் போட்டிருந்தால் அஞ்சு பைசா திரும்பி வராதாம்.

"ஏம்மா வசந்தா, எந்த பேங்க்குக்கு இன்சூரன்ஸ் இருக்கு, எதுக்கு இல்லைன்னு போன்லேயே பாக்கலாமாமே? எனக்குக் கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

"அதுக்கென்னக்கா? ரெண்டு நிமிஷம்!"

அந்தப் பக்கத்தை அதுவரை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. அதை எதற்குச் சொல்ல வேண்டும்?

தேடிக் கண்டுபிடித்துவிட்டேன். நம் டெபாசிட்டுகளுக்குக் காப்பீடு கொடுக்கிற அரசாங்க நிறுவனத்தின் இணையதளம். அதில் ஒரு தேடல் வசதி இருக்கிறது. என்ன வகை வங்கி என்று கேட்கும். கூட்டுறவு என்றால் எந்த மாநிலம் என்று கேட்கும். சொன்னால், காப்பீடு உள்ள வங்கிகளின் பெயரையெல்லாம் வரிசையாகக் கொட்டும். காசு கிடையாது, பாஸ்வேர்டு கிடையாது. எவ்வளவு நல்ல வசதி! இத்தனை நாள் இது தெரியாமல் இருந்துவிட்டோமே என்று எனக்கே ஒரு சந்தோஷம்.

கூட்டுறவு வங்கி என்றேன். மாநிலம் கேட்டது. புதுச்சேரி என்று தட்டினேன். குட்டியாக ஒரு பட்டியல் வந்தது. பாஸ்புக்கில் இருந்த பெயரை வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே வந்தேன். கீழிருந்து மேலே போனேன்.

இல்லை.

"இல்லக்கா."

"நல்லாப் பாரும்மா."

"மூணு தடவ பாத்துட்டேன். உங்க பேங்க் பேரு இதுல இல்லவே இல்ல."

பேப்பருக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. "சரியாத் தெரியாம சொல்லாத."

"தெரிஞ்சுதான் சொல்றேன். நீங்க ராசிபலனைப் படிங்க."

அக்கா பாஸ்புக்கை மூடி, அதன் அட்டையைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை.

"காலையில மொத வேலையாப் போயி டெபாசிட்ட உடைச்சிடுறேன்."

"தேதிக்கு முன்னாடி உடைச்சா வட்டி குறைஞ்சிடுமேக்கா?"

"மொதலாவது கையில வரட்டும்."

"அப்போ கடை?"

அக்கா எழுந்துகொண்டார். "கடைய அந்த செல்போன் தம்பிக்கே குடுத்துடச் சொல்றேன். வேற என்ன பண்றது? பதினெட்டு வருஷம் வச்சிருந்தேன்ல... போதும்." சிரிக்கத்தான் பார்த்தார். வரவில்லை.

எனக்கு அன்று சாயங்காலம் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. கோபம் கோபமாக வந்தது. யார் மேல் தெரியுமா? அந்த வங்கியின் மேல். ஏழைப் பெண்ணின் பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு இன்சூரன்ஸ்கூட எடுக்காமல் என்ன வங்கி நடத்துகிறார்கள்? கவனியுங்கள், என் மேல் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. வியாதி முற்றிவிட்டது என்பதற்கு அதுதான் அறிகுறி.

மறுநாள் துணைக்கு நானும் போனேன். அக்கா வேண்டாம் என்றுதான் சொன்னார். நான் கேட்பேனா?

சின்ன ஹால். மூன்று கவுன்ட்டர். நாலைந்து நாற்காலி, அதில் ஏழெட்டுப் பேர். டெபாசிட் கவுன்ட்டரில் வினோதினி என்று ஒரு பெண் இருந்தார். சீர்காழிப் பக்கம் ஊர், இங்கே வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறதாம். அக்கா பாஸ்புக்கை நீட்டி விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

"இன்னும் இருபது நாள்தானேம்மா இருக்கு? இப்ப எடுத்தீங்கன்னா உங்களுக்குத்தான் நஷ்டம். ரொம்ப அவசரங்களா? யாருக்காச்சும் உடம்பு சரியில்லையா?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு! உங்க பேங்க்குக்கு இன்சூரன்ஸே கிடையாதாமே? கவர்மென்ட் லிஸ்ட்ல உங்க பேரே இல்லையே! அப்புறம் யாரு நம்பிப் பணம் போடுவா?"

என் குரலைப் பற்றி முன்பே சொன்னேன் அல்லவா? மைக் இல்லாமலே நாலு தெருவுக்குக் கேட்கும்.

ஹால் அமைதியாகிவிட்டது. மின்விசிறி சத்தம் மட்டும்.

பக்கத்துக் கவுன்ட்டரில் விழிதியூர்க்காரர் ஒருவர் நெல் விற்ற பணத்தைக் கட்டுவதற்காக நீட்டிக்கொண்டிருந்தார். நீட்டிய கை அப்படியே பின்னால் வந்தது. பணம் மறுபடியும் மஞ்சள் பைக்குள் போய்விட்டது. நாற்காலியில் இருந்த ஹாஜா பாய் எழுந்தே விட்டார். திருமலைராயன்பட்டினத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவர், பல வருஷமாகத் தெரிந்தவர்.

"என்னம்மா சொல்றீங்க? யா அல்லாஹ்! நம்ம துட்டு பூரா இங்கதானே கெடக்குது?"

யாரோ ஒருவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். "மச்சான், கையில இருக்குற வேலையப் போட்டுட்டு பேங்க்குக்கு வா. பாஸ்புக்க எடுத்துக்கிட்டு வா!"

பத்து நிமிஷம்தான். வாசலில் ஏழெட்டு பைக். உள்ளே நிற்க இடமில்லை. ஆளாளுக்கு பாஸ்புக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்கு மொதல்ல, எனக்கு மொதல்ல" என்கிறார்கள். மேனேஜர் டீ கிளாஸோடு கேபினிலிருந்து ஓடிவந்தார். பாதி டீ அவர் சட்டையில் இருந்தது.

நான் அக்காவுக்காக ஒரு வார்த்தை கேட்டேன், அவ்வளவுதான். இது எங்கே போகிறது?

பதறாமல் இருந்தது அந்த வினோதினி ஒருவர்தான். "மேடம், எந்த லிஸ்ட்ல பாத்தீங்க? கொஞ்சம் காட்டுறீங்களா?" என்றார்.

காட்டினேன். பார்த்தார்.

"மாநிலம் என்ன போட்டீங்க?"

"இதென்ன கேள்வி? புதுச்சேரி."

"தமிழ்நாடுன்னு போட்டுப் பாருங்க மேடம்."

"எதுக்கு?"

இந்த இடத்தில் வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு மூன்று பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். தெற்கே வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு, அதைத் தாண்டாதவரை நாங்கள் புதுச்சேரி. ஆனால் இது யாருக்குப் புரிகிறது? ஆன்லைனில் ஒரு சீப்பு வாங்கப் போனாலும், பின்கோடு போட்டதும் மாநிலம் தமிழ்நாடு என்று தானாக வந்து உட்காரும். கூரியர்காரர் போன் செய்து, "நாகப்பட்டினம் மாவட்டம்தானே?" என்பார். பிள்ளைகளின் காலேஜ் விண்ணப்பத்தில் ஆரம்பித்து கேஸ் கனெக்‌ஷன் வரைக்கும், "இல்லைங்க, நாங்க பாண்டிச்சேரி" என்று சொல்லிச் சொல்லியே எங்களுக்குத் தொண்டைத் தண்ணி வற்றிவிட்டது. வாழ்நாள் முழுக்க இதற்காகவே சண்டை போட்டுக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் வந்து, தமிழ்நாடு என்று போடச் சொன்னால்?

"நாங்க எதுக்கும்மா தமிழ்நாடுன்னு போடணும்?" என்றேன்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பணம் போய்விடுமோ என்று பதறிக்கொண்டு நின்ற அத்தனை பேரும், ஒரு நிமிஷம் பணத்தையே மறந்துவிட்டார்கள்.

"அதானே!" என்றார் ஹாஜா பாய். "எங்க ரேஷன் கார்டு பாண்டிச்சேரி. எங்க வண்டி நம்பர் பாண்டிச்சேரி. எங்க ஓட்டு பாண்டிச்சேரி. நீங்க சீர்காழிலேர்ந்து வந்து எங்கள மாத்துவீங்களோ?"

"நல்லாக் கேளுங்க பாய்," என்றார் நெல்லுக்காரர், மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்தபடி. "இப்படித்தான் உர மானியத்துக்கு எழுதிப் போட்டப்பவும் நம்மள அந்தப் பக்கம் தள்ளிவிட்டுட்டானுவோ."

மேனேஜர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார். வினோதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டுதான் பேசினார்.

"ஐயா, நீங்க பாண்டிச்சேரிதான். நூத்துக்கு நூறு பாண்டிச்சேரி. ஒத்துக்கறேன். அந்த லிஸ்ட்டு நீங்க எந்த ஊருன்னு கேக்கலீங்க. பேங்க் எந்த ஊருன்னு கேக்குது. நம்ம பேங்க்கோட தலைமை ஆபீஸ் தமிழ்நாட்டுல இருக்கு. இது வெறும் கிளைங்க. கிளை எங்க வேணாலும் இருக்கலாம். லிஸ்ட்ல பேங்க் பொறந்த ஊர்லதான் பேரு வரும்."

ஹாலில் மறுபடியும் மின்விசிறி சத்தம்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் விரலைப் பார்த்தார்கள். போனில் மாநிலங்களின் பட்டியலைத் திறந்தேன். நம்புங்கள், அந்தப் பெயரைத் தொட எனக்கு மனசே வரவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக, நானே என் கையால், தமிழ்நாடு என்று தட்டினேன்.

வந்தது பாருங்கள் ஒரு பட்டியல்! அனுமார் வால். தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருக்கிறது. என் தோளுக்குமேல் பத்துத் தலை. "மேல போங்க." "இல்ல, தாண்டிட்டீங்க, கீழ வாங்க." ஹாஜா பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெயராக எழுத்துக்கூட்டிப் படிக்கிறார். அக்கா மட்டும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். எந்த மாதாவிடம் எந்த நேர்த்திக்கடன் வைத்தாரோ தெரியாது.

"நில்லுங்க! நில்லுங்க!" என்று கத்தினார் பாய். "இதோ! இதுதானே? பாஸ்புக்கக் காட்டுங்க!"

பாஸ்புக்கை போன் பக்கத்தில் வைத்தோம். எழுத்துக்கு எழுத்து பார்த்தோம். அதே பெயர். அதே ஊர்.

"இருக்குக்கா!" என்றேன். "உங்க பேங்க் இருக்கு!"

அக்கா கண்ணைத் திறந்தார். போனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். அப்புறம் அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும், என் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தார். வைத்துவிட்டு அப்படியே கட்டிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். வலி பாதி, சந்தோஷம் பாதி.

உடைப்பதற்காக வாங்கிய படிவத்தை அக்காவே நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நெல்லுக்காரர் மஞ்சள் பையை மறுபடி திறந்தார்.

இனி என் முறை. தீ வைத்தவள்தானே அணைக்க வேண்டும்? வாசல்படியில் போய் நின்றேன். அதே குரலில், அதே சத்தத்தில் சொன்னேன். "தப்பு என் பேர்ல! நான்தான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன். பேங்க்குக்கு இன்சூரன்ஸ் இருக்கு. யாரும் பயப்படாதீங்க. எல்லாரும் வேலையப் பாக்கப் போங்க!" என் வாழ்நாளில் இவ்வளவு பேர் முன்னால் "தப்பு என் பேர்ல" என்று சொன்னதே இல்லை. சொன்னபிறகு ஒன்றும் ஆகிவிடவில்லை. வானம் இடிந்து விழவில்லை. கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

"மேடம்," என்றார் மேனேஜர், சட்டையைத் துடைத்துக்கொண்டே. "கோச்சுக்காதீங்க. நீங்க சாஞ்சுக்கிட்டு நின்னீங்கள்ல, அந்தப் போர்ட கொஞ்சம் படிச்சிருக்கலாம்."

திரும்பிப் பார்த்தேன். கவுன்ட்டர் ஓரத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு, இந்த வங்கியின் டெபாசிட்டுகளுக்குக் காப்பீடு உண்டு என்று அச்சடித்த போர்டு. பக்கத்திலேயே ஸ்கேன் செய்து பார்க்க ஒரு கட்டம். அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டுதான் நான் அவ்வளவு நேரம் இன்சூரன்ஸ் இல்லை என்று கத்தியிருக்கிறேன்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் வீட்டுக்கு ஓடியிருப்பேன். யார் விட்டார்கள்?

"எம் மருமவன் வேற பேங்க்ல போட்டு வச்சிருக்காரு. அதையும் பாருங்கம்மா." "எங்க அண்ணன் சுரக்குடில இருக்காரு, அவரு பேங்க்கையும் பாத்துடுங்க." ஒரு மணி நேரம் அந்த ஹாலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். வினோதினி பக்கத்தில் நின்று விளக்கம் சொன்னார். மேனேஜர் எல்லாருக்கும் டீ வரவழைத்தார். வங்கி மாதிரியே இல்லை. நிச்சயதார்த்த வீடு மாதிரி இருந்தது.

"இருக்கு" என்று ஒவ்வொரு பெயருக்கும் சொல்லும்போது ஒவ்வொரு முகமும் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! பரீட்சை ரிசல்ட் கேட்கிற மாதிரி நின்றார்கள். ஹாஜா பாய்க்கு மூன்று வங்கியில் கணக்கு. மூன்றும் பாஸ்.

"சரி தங்கச்சி, இன்சூரன்ஸ் இருக்குன்னா, எவ்வளவு போட்டாலும் வந்துடுமா?" என்று வினோதினியிடம் கேட்டார் அவர்.

"இல்லீங்க பாய். ஒரு ஆளுக்கு ஒரு பேங்க்ல, முதலும் வட்டியும் சேத்து அஞ்சு லட்சம் வரைக்கும். அதே பேங்க்ல வேற வேற கிளைல உங்க பேர்லயே போட்டாலும் எல்லாத்தையும் ஒண்ணாத்தான் சேப்பாங்க."

அக்கா விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பணம் முதிர்வோடு சேர்த்தும் அதற்குள்தான்.

"நகைக்கடையில மாசச் சீட்டு கட்டுறேனே, அது இந்த லிஸ்ட்ல வருமா?" என்று மெல்லக் கேட்டார் ஓர் அம்மா.

"வராதும்மா. இது பேங்க்குக்கு மட்டும்தான்."

அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் யோசனையாகிவிட்டது. யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

நான் ஒன்று கவனித்தேன். மீன் வாங்கப் போனால் நாம் சும்மாவா வாங்குகிறோம்? செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், கண்ணை அமுக்கிப் பார்க்கிறோம், மீன்காரம்மா நம்மைத் திட்டும்வரை விடுவதில்லை. முந்நூறு ரூபாய் மீனுக்கு அவ்வளவு பரிசோதனை! ஆயுசு முழுக்கச் சேர்த்த பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடத்தில் மட்டும் ஏசி குளிர்கிறதா, காலண்டர் தருவார்களா என்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறோம். பார்ப்பதற்குத்தான் வசதி செய்து வைத்திருக்கிறார்களே. இரண்டு நிமிஷ வேலை. என்ன, என்னை மாதிரிப் பார்க்காமல் ஒழுங்காகப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் பேப்பரை இறக்காமலே கேட்டார். "இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எங்க?"

சொன்னேன். பேப்பர் குலுங்க ஆரம்பித்தது. அடுத்த அஞ்சு நிமிஷம் அது நிற்கவில்லை. மனுஷர் வாய்விட்டுச் சிரித்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. போகட்டும், என்னால் ஒரு புண்ணியம்.

இருபது நாள் கழித்து டெபாசிட் முதிர்ந்தது. வினோதினியே போன் செய்து, "வாங்கம்மா, ரெடியா இருக்கு" என்றாராம். மூன்று நாள் கழித்துப் பத்திரம். சாட்சிக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார் அக்கா. அவ்வளவு நடந்தும் என்னைத்தான் கூப்பிட்டார்!

கணேசன் முசியே இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்திருந்தார். கையெழுத்தெல்லாம் முடிந்ததும் சாவியை அக்கா கையில் வைத்து, "மெர்சி, ரெஜினா" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

"நான்ல சொல்லணும் முசியே?"

"இல்லம்மா. செல்போன்காரரு நேத்துகூட வந்து, இன்னும் சேத்துத் தர்றேன்னாரு. பதினெட்டு வருஷத்துல ஒரு மாசம்கூட நான் அங்கேர்ந்து போன் பண்ணி வாடகை கேக்கற மாதிரி நீ வச்சதில்ல. அதுக்குச் சொல்றேன் மெர்சி."

அக்கா சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நின்றார்.

இந்த மாதம் ஒன்றாம் தேதி. காலை ஒன்பது மணி இருக்கும். கடை வழியாகப் போகும்போது பார்த்தால், அக்கா மிஷினில் உட்காராமல் நடுக்கடையில் ஸ்டூலைப் போட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்குத் திக்கென்றது.

"என்னக்கா ஆச்சு? உடம்பு ஏதும் முடியலையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பதினெட்டு வருஷமா ஒண்ணாந்தேதி வந்தா, விடிஞ்சதுலேர்ந்து வாடகை வாடகைன்னு வயித்தக் கலக்கும். காபித் தண்ணிகூட உள்ள எறங்காது. இன்னிக்குக் கலக்கலடி."

"அதுக்கு ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?"

"பசிக்குது வசந்தா! ஒண்ணாந்தேதில எனக்குப் பசிக்குது!"

கடையைப் பூட்டிவிட்டு, எதிரே இருக்கும் ஓட்டலுக்குப் போனோம். ஆளுக்கு இரண்டு இட்லி, ஒரு நெய் ரோஸ்ட், நடுவில் ஒரு கேசரி. அக்கா சாப்பிட்ட சாப்பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மனசு நிறைந்துவிட்டது.

பில் வந்தது. நான் பர்ஸைத் திறந்தேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"உள்ள வையி. கடைக்காரி நானு!"